மூன்று முறை அழைத்தும் வரவில்லை

பேச்சிணைப்பு வாரியத்திலிருந்து வந்த கடிதம் பாராட்டுடன் தொடங்கியது. காது கேளாதோரும் வாய் பேச இயலாதோரும் பிறர் துணையின்றித் தொலைபேசியில் உரையாடுவதற்கான திட்டத்தில் விண்ணப்பதாரர் சேர்த்துக்கொள்ளப்பட்டிருந்தார். இதை உறுதிசெய்ய அவர் ஏழு வேலை நாட்களுக்குள் கீழ்க்கண்ட எண்ணை அழைத்து, தம் பெயரைத் தம் சொந்தக் குரலில் இரண்டு முறை தெளிவாகச் சொல்ல வேண்டும். உறவினர் பேசினால் ஏற்கப்படாது என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

கடிதத்தை முதலில் படித்தவன் தம்பி. விண்ணப்பம் அக்காவுடையது, பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கடிதத்தைப் படித்த எவருக்கும் எரிச்சல் வந்திருக்கும். தம்பிக்கு வந்தது நிம்மதி. அது முகத்தில் தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொண்டு அவன் கடிதத்தை நீட்டினான்.

"நடக்காது போலிருக்கு அக்கா" என்று கைகளால் சொன்னான்.

அக்கா செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பாள். கடிதத்தையும் அப்படியே பார்த்தாள். பிறகு அதன் அடியில் விரலை வைத்தாள்.

"விலாசம் போட்டிருக்கான். நேர்ல போவோம்."

திட்டம் எளிமையானது. அக்கா ஒரு கருவியில் தட்டச்சு செய்வாள். வாரியத்தின் குரல் உதவியாளர் அதைத் தொலைபேசியில் அப்படியே படிப்பார். எதிர்முனையில் இருப்பவர் சொல்வதை உதவியாளர் தட்டச்சு செய்ய, அது அக்காவின் திரையில் எழுத்தாகத் தோன்றும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: முதல் அழைப்பு யாருக்கு, எதற்காக? அக்கா எழுதியிருந்தாள்: "பல் டாக்டரம்மாவுக்கு. திட்டுவதற்கு."

அந்த டாக்டரம்மா பதினோரு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரிலிருந்து கூடத்துக்கு வந்தவர். அக்கா செய்த மேல்வரிசைப் பற்களை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: என் புதிய கூடத்துக்குத் தலைமை ஏற்று வருகிறீர்களா, மூன்று நாளில் சொல்லுங்கள். அடியில் தொலைபேசி எண். மூன்றாம் நாள் காலையில் அக்கா தம்பியிடம், "வர்றேன்னு சொல்லு" என்றாள். அவன் முன்னறையில் நின்று எண்ணைச் சுழற்றினான். அவள் கதவோரம் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான். வைத்துவிட்டுத் திரும்பியவன், "வேற ஆள் வச்சுட்டாங்களாம்" என்று கையசைத்தான்.

உள்ளறையில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். புரட்டிப் படுக்க வைப்பதும் துடைத்து விடுவதும் ஊட்டுவதும் அக்கா. அவள் போய்விட்டால் அதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வி, எதிர்முனையில் மூன்றாவது மணிக்கும் நான்காவது மணிக்கும் நடுவில் தம்பிக்குத் தோன்றியது. ஐந்தாவது மணியில் டாக்டரம்மா எடுத்துவிட்டார். அம்மா அதன்பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் தம்பி நினைத்திருந்தான். சொல்ல வேண்டிய நாள் எப்போதும் நாளைக்கு இருந்தது.

"லெட்டர்ல திட்டிடேன்" என்று அவன் போன மாதம் யோசனை சொல்லிப் பார்த்தான்.

"லெட்டர்ல திட்டினா அது புகார். போன்ல திட்டினாத்தான் திட்டு. நீகூட கடை முதலாளி போனை வச்சதும் திட்டற. நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் போன்ல திட்டினதில்ல."

"உனக்காக நான் திட்டறேனே."

"நீயா? வணக்கம் சொல்லி ஆரம்பிப்ப."

*

வாரியக் கட்டடத்தின் முகப்பில் 'உங்கள் குரல், எங்கள் கடமை' என்று பொறித்திருந்தது. பிறர் துணையின்றிப் பேசும் திட்டம் என்பதால் உறவினர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துபவன். காவலாளியின் கண்ணாடிக் கால் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டு, சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து முறுக்கிக் கொடுத்தான். காவலாளி உலகத்தை நேராகப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ள போங்க சார்" என்றார்.

கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு எண் வில்லை. அக்காவுடையது நாற்பத்து மூன்று. சுவரில் எண்பலகை கழற்றப்பட்ட இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒலிபெருக்கி.

"போர்டு என்னாச்சு?" என்று தம்பி காவலாளியிடம் கேட்டான்.

"சிவப்பு லைட்டு தலைவர் கண்ணுக்கு ஒத்துக்கல சார். இப்ப ஸ்பீக்கர்தான். பேசறது யாரு தெரியுமா? திட்டத்துக்குன்னு பயிற்சி குடுத்து எடுத்த ஒரே பொண்ணு. திட்டம் ஆரம்பிக்கலையே, சும்மா இருக்க வேணாம்னு இங்க உட்கார வச்சுட்டாங்க. தங்கமான குரல்."

குரல் உண்மையிலேயே தங்கமாகத்தான் இருந்தது. அது நாற்பத்து ஒன்றை மூன்று முறை அழைத்தது. ஒருவரும் அசையவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த குரல் உதவியாளர், பதிவேட்டில் நாற்பத்து ஒன்றுக்கு எதிரே 'மூன்று முறை அழைத்தும் வரவில்லை' என்று எழுதினார். நாற்பத்து இரண்டுக்கும் அப்படியே. பெஞ்சுகளில் கைகள் சுறுசுறுப்பாகப் பேசிக்கொண்டிருந்தன. யாரோ நல்ல நகைச்சுவை ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். கடைசி வரிசையே குலுங்கியது.

"எண் நாற்பத்து மூன்று."

தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"எண் நாற்பத்து மூன்று."

அக்காவின் தோள் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் வில்லையை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எண் நாற்பத்து மூன்று."

பேனா ஓடும் அளவுக்கு ஒரு மௌனம். பிறகு, "எண் நாற்பத்து நான்கு." தம்பி எதுவுமே செய்யவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமத்தையும் வாரியமே ஏற்றுக்கொண்டது.

நண்பகலில் காவலாளி அறுபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் ஒருத்தரும் வரல சார்" என்றார். "இப்படித்தான். எந்த மாசமும் நூத்துக்கு நூறு பேரும் வர்றதில்ல. தேவையே இல்லாத திட்டம்னு தலைவர் ரிப்போர்ட்ல எழுதறாரு. வருத்தத்தோட எழுதறாரு."

அக்கா எழுந்து கண்ணாடித் தடுப்புக்குப் போனாள். வேலையில் எல்லா வாய் அச்சுகளையும் தலைகீழாகவே பார்த்துப் பழகியவளுக்கு, எதிர்ப்பக்கம் பார்த்திருந்த பதிவேட்டைப் படிப்பது பெரிய காரியமல்ல. நாற்பத்து மூன்றுக்கு எதிரே எழுதியிருந்ததைப் படித்தாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"கூப்பிட்டாங்களா?"

"கவனிக்கல."

"உனக்குக் காது கேட்குமே."

தம்பி மின்விசிறியைக் காட்டி, அதன் சத்தத்தைக் குறை சொன்னான். அக்கா அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கவில்லை. அவள் திரும்பி, திறக்கும்வரை கண்ணாடியைத் தட்டினாள்.

*

உறுதிப்பாட்டு அலுவலர் படிவத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, உங்களுக்குக் காது கேட்காதா?"

அக்கா உதடுகளைப் படித்து, இல்லை என்று தலையசைத்தாள். அலுவலர் வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார்: "கேட்ட கேள்விக்கு உரிய பதில் அளித்தார். எனவே கேட்கிறது."

"சார், உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டா சார்" என்றான் தம்பி. அதைச் சொல்லாமலிருந்தால் அவனுக்கு நல்லதாகப் போயிருக்கும். ஆனால் அபத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்போது சுயநலம்கூடத் திகைத்துவிடுகிறது.

"உதட்டுக்கெல்லாம் நம்மகிட்ட படிவம் கிடையாது சார். சரி, உங்க திருப்திக்கு." அலுவலர் ஒரு கோப்பைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். அக்கா கோப்பின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதில் அளிக்க மறுத்தார். ஒத்துழைப்பு இல்லை" என்று அவர் இரண்டாவது பத்தியை எழுதினார்.

"ஒண்ணு கேட்குது, இல்ல ஒத்துழைக்கல. ரெண்டுல எதுன்னு கூட வந்தவர் சொன்னா ஏத்துக்கலாம். நீங்க சொல்லுங்க சார். இவங்களுக்குக் கேட்குமா, கேட்காதா?"

ஒரே சொல் போதும். கேட்கும் என்றால் விண்ணப்பம் தள்ளுபடி. டாக்டரம்மாவின் தொலைபேசி ஒலிக்கவே ஒலிக்காது. தம்பி அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தான். அக்கா அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போயிற்று. அலுவலர் பொறுமையிழந்து மூன்றாவது பத்தியை எழுதினார்.

"கூட வந்த உறவினருக்கும் கேட்கவில்லை."

ஒன்றையொன்று மறுக்கும் பத்திகள் கொண்ட கோப்புகள் தலைவரிடம் போக வேண்டும் என்பது விதி. போயிற்று.

*

தலைவரின் மேசையில் நான்கு தொலைபேசிகள் இருந்தன. அவர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தம்பியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"இருபது வருஷமா இவங்களுக்காக நான் பேசிட்டு வர்றேன் தம்பி. எத்தனை மேடை, எத்தனை மாநாடு! இதுவரைக்கும் ஒருத்தர்கூட நான் சொன்னதை மறுத்துப் பேசினதில்ல. அதுக்குப் பேர்தான் நம்பிக்கை." அவர் சன்னல் பக்கம் திரும்பினார், அக்காவுக்குப் பேச்சு அங்கேயே அறுந்தது. "சில பேர் சொல்றாங்க, என்ன வேணும்னு அவங்களையே கேளுங்கன்னு. கேட்டா ஏதாவது சொல்லுவாங்க. அப்புறம் அதைச் செய்யணும். முடியாமப் போனா அவங்க மனசுதானே நோகும்? அதனால நாமளே முடிவு பண்ணிடறோம். அவங்க நல்லதுக்குத்தானே? என்ன, சொல்லுங்க."

அந்த வாக்கியம் தம்பிக்குப் பழக்கமானது. பதினோரு ஆண்டுகளாக அதே வாக்கியத்தை, அதே வரிசையில், கண்ணாடிக்கு முன் தலைவாரும்போதெல்லாம் அவனும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தலைவரிடம் இருந்ததைப்போல அவனிடம் ஒலிவாங்கி இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அக்கா மேசைமேல் இருந்த தாளை இழுத்து எழுதினாள்: "என்ன சொன்னீர்கள்? திரும்பி நின்றுவிட்டீர்கள்."

தலைவர் அதை உரக்கப் படித்து நெகிழ்ந்தார். "பாருங்க, எவ்வளவு ஆர்வம்!" என்றவருக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. ஆண்டறிக்கை மறுநாள் போக வேண்டும். அதில் 'நிகழ்ந்த அழைப்புகள்' என்ற கட்டம் ஆறு ஆண்டுகளாகக் காலியாக இருந்தது. "இன்னைக்கே, இப்பவே முதல் அழைப்பை நடத்திடுவோம்" என்று அறிவித்தார்.

கருவியறையைத் திறக்க ஒரு சாவியும் துடைக்க இரண்டு துணிகளும் தேவைப்பட்டன. இரண்டு திரைகள், இரண்டு விசைப்பலகைகள். இரண்டிலும் ஓரிடத்தில் பல் பிடுங்கியதுபோலப் பள்ளம் இருந்தது. அக்கா அதைத் தொழில் ஆர்வத்தோடு தொட்டுப் பார்த்தாள்.

"அங்க அழிக்கிற பட்டன் இருந்துச்சு" என்று அலுவலர் விளக்கினார். "அழிக்க வசதி இருந்தா மாத்திச் சொல்லுவாங்கன்னு குழு கருதிச்சு. ஒன்பது தடவை கூடினாங்க. பிடுங்கியாச்சு."

குரல் உதவியாளர் அழைத்து வரப்பட்டார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "காலையிலிருந்து ஐம்பத்தொரு பேரை மும்மூன்று முறை அழைத்தேன். தொண்டை போய்விட்டது." அக்கா அதைப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, தன் பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தாள்.

"இந்தத் தம்பியே படிக்கட்டுமே" என்றார் தலைவர்.

"உறவினர் பேசக் கூடாதுன்னு விதி இருக்கு சார். ரகசியம்…" என்று தொடங்கிய அலுவலர் கோப்பைப் புரட்டியதும் மலர்ந்தார். "ஆனா இவருக்கும் காது கேட்காதுன்னு பதிவாகியிருக்கு. எதிர்முனையில பேசறது இவர் காதுல விழ வாய்ப்பில்ல. ரகசியம் பத்திரமா இருக்கும் சார்."

தம்பிக்கு உறுதிமொழி வாசிக்கக் கொடுத்தார்கள். தட்டியதைப் படிப்பேன். கேட்டதைத் தட்டுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், சுருக்கமாட்டேன். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லாமல், 'நான்' என்றே பேசுவேன். காதொலிப்பானை அவன் தலையில் மாட்டினார்கள். ஒரே ஒரு காதொலிப்பான். வேறு யாருக்கும் எதுவும் கேட்காது. அவன் நினைத்தால் இப்போதும் எதையும் தட்டலாம்.

மூன்றாவது மணி. நான்காவது மணி.

"ஹலோ, யாருங்க?" டாக்டரம்மாவின் குரல் கொஞ்சம் வயதாகியிருந்தது.

திரையில் அக்காவின் எழுத்துகள் ஓடி வந்தன. தம்பி படித்தான்: "டாக்டரம்மா, நான் மேல்வரிசைப் பல் செட் செஞ்சவ. காது கேட்காதவ. பதினோரு வருஷத்துக்கு முன்னால என்னைக் கூப்பிட்டுட்டு, மூணு நாள்கூடப் பொறுக்காம வேற ஆளை வச்சீங்களே, இது உங்களுக்கே நல்லாயிருக்கா? வேண்டாம்னா வேண்டாம்னு என்கிட்டச் சொல்லக்கூடாதா? படிச்சவங்கதானே?"

"ஆம்பளைக் குரலா இருக்கேன்னு பார்த்தேன். நீயாம்மா? நான் வேற ஆளை வைக்கவே இல்லையே! உன் தம்பிதானே போன் பண்ணினாரு. அக்காவுக்கு வர்றதுல இஷ்டமில்ல, இனிமே கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதீங்கன்னு சொன்னாரு. நான் எட்டு மாசம் அந்த நாற்காலியைக் காலியா வச்சிருந்தேன். மனசு மாறி வருவேன்னு."

தம்பியின் விரல்கள் விசைமேல் நின்றன. தலைவர் காதோரம் குனிந்து, "தட்டுங்க தம்பி, தட்டுங்க" என்றார். அவன் தட்டினான்: நான் வேறு ஆளை

அங்கே நிறுத்தினான். அக்கா திரையில் அந்த மூன்று சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். பதினோரு ஆண்டுகளாகத் தெரிந்தது. அவன் 'வைத்துவிட்டேன்' என்று முடித்தால், அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு, மனம் குளிர்ந்து வீட்டுக்கு வருவாள். அவன் சுண்டுவிரல் தன்னையறியாமல் அழிக்கும் விசையைத் தேடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

வைக்கவே இல்லை, என்று தட்டினான். உன் தம்பிதானே போன் பண்ணினார். அதற்குப் பின் நிறுத்தவில்லை. எட்டு மாதம், நாற்காலி, எல்லாவற்றையும் தட்டினான்.

அக்கா படித்தாள். பிறகு, அவன் பக்கம் திரும்பாமலே தட்டத் தொடங்கினாள். உறுதிமொழிப்படி அவன் படிக்க வேண்டியிருந்தது.

"டாக்டரம்மா, மன்னிச்சிடுங்க. இது உங்களுக்குச் சேர வேண்டிய திட்டு இல்ல. கொஞ்சம் லைன்லயே இருங்க. சேர வேண்டியவன் இங்கதான் உட்கார்ந்திருக்கான். நீங்க கேட்டுக்குங்க." அடுத்த வரி வந்துவிட்டது. "டேய். வெட்கங்கெட்டவனே. அம்மாவைத் தனியாப் பார்த்துக்கப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். நானே இருந்திருப்பேன். நீ என்னைக் கேட்கவே இல்ல. வேலை போனதுக்கு நான் திட்டல. என் கோபம் யார் மேல போகணுங்கிறதைக்கூட நீயே முடிவு பண்ணினியே, அதுக்குத் திட்டறேன். காலையில என் நம்பரைக் கூப்பிட்டப்போ உனக்குக் கேட்டுச்சு. அதுக்கும் சேர்த்துத் திட்டறேன்."

ஒரு சொல் குறையாமல் படித்தான். குரல் இரண்டு இடங்களில் உடைந்தது. அக்காவுக்கு அது தெரிய வழியில்லை. தலைவர் அலுவலரிடம் மெல்லச் சொன்னார்: "எவ்வளவு உணர்ச்சியாப் படிக்கிறாரு பாருங்க. குடும்பப் பாசம் வெளிப்பட்டதுன்னு அறிக்கையில போட்டுக்குங்க. அந்தப் பொண்ணுக்குப் பதிலா இவரையே வச்சுக்கலாம் போலிருக்கே."

டாக்டரம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மா, பொய் சொல்ல விரும்பல. அந்த நாற்காலியில இப்ப ஆள் இருக்கு. நல்ல ஆள். ஆனா நீ வா. உன் வேலையைப் பார்க்கணும். அப்புறம் பேசுவோம்." தம்பி அதைத் தட்டினான். மூக்கை உறிஞ்சியதையும் தட்டினான்.

அக்கா கடைசியாகத் தட்டினாள்: "வர்றேன்." அதை அவன் பதினோரு ஆண்டு தாமதமாகச் சொன்னான்.

*

தாழ்வாரத்தில் அவன் பின்னால் ஓடினான். அக்கா திரும்பி உள்ளங்கையை உயர்த்தினாள்.

"கூட வராதே. பஸ்ல நான் தனியாப் போய்க்கிறேன்."

அவள் கூடத்தைக் கடந்து, காவலாளியைக் கடந்து, தெருவில் இறங்கிப் போனாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தம்பி பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றான். தொண்டை போன பெண்ணுக்குப் பதிலாக உறுதிப்பாட்டு அலுவலரே இப்போது ஒலிபெருக்கியில் அழைத்தார்.

"எண் ஐம்பத்து இரண்டு."

ஒருவரும் அசையவில்லை. தம்பி முதல் வரிசையில் இருந்தவர்களின் கைகளைக் குனிந்து பார்த்தான். ஐம்பத்தெட்டு. முப்பது. பதினேழு.

"எண் ஐம்பத்து இரண்டு."

மூன்றாவது வரிசையில், நரைத்த தலையுடைய ஒருவரின் மடியில் அந்த வில்லை கிடந்தது. தம்பி அவர் தோளைத் தொட்டான். ஐந்து விரல், பிறகு இரண்டு விரல் காட்டி, கண்ணாடித் தடுப்பின் பக்கம் கைநீட்டினான்.

"சார், சார்! அப்படியெல்லாம் எழுப்பக் கூடாது" என்று காவலாளி ஓடி வந்தார். "ரிப்போர்ட் மாறிடும் சார்!"

நரைத்தவர் எழுந்து போய்த் தடுப்புக்கு முன் நின்றார். அலுவலர் பேனாவை எடுத்தவர், பதிவேட்டை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் தேடினார். வந்தவர் என்று எழுத அதில் கட்டம் இல்லை. நரைத்தவரை ஒரு முறை பார்த்தார், கட்டங்களை ஒரு முறை பார்த்தார். பழக்கத்தால், மூன்றாவது முறையும் அழைத்தார்.

தம்பி அதற்குள் ஐம்பத்து மூன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.